பன்னிரண்டாவது ஆசனம்

பிலோமினா அக்காவின் ஆசனத்தைத் திருடியவன் நான்தான். அதில் ஏறி உட்கார்ந்து கொழும்புக்குப் பறந்தவனும் நான்தான்.

எங்கள் மன்னார்த் தீவிலிருந்து கொழும்புக்கு ஒரு சின்ன விமானம் ஓடிய காலம் உண்டு. பன்னிரண்டு ஆசனங்கள். வாரத்தில் மூன்று நாள். கம்பனிக்குத் தகரக் கூரை போட்ட ஒரு கந்தோர், அதில் பயணிகளின் பெயர் எழுத நான். சில ஆண்டுகளில் கம்பனியை மூடிவிட்டார்கள். இப்போது பழைய ஊழியர்கள் சேர்ந்து நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். பெண்சாதி பிள்ளை இல்லாதவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்!

எழுதினேன். முதல் விமானம் இறங்கிய நாளை எழுதினேன். ஓடுபாதையில் படுத்துக் கிடந்த கழுதைகளை நாங்கள் தடியோடு விரட்டியதை எழுதினேன். கடைசியில் ஒரு வரி: ‘வருவதாகச் சொன்ன ஒருவரையும் நாங்கள் விட்டுவிட்டுப் பறந்ததில்லை.’ எழுதிய கை கூசவில்லையே!

அக்கா தீவுக்கு வெளியே, பாலத்துக்கு அப்பால், வங்காலையில் இருப்பவர். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இல்லாத காலம் அது. ஒரு பின்னேரம் கடையொன்றிலிருந்து கந்தோருக்குப் பேசினார்.

“தம்பி, நாளைக்குக் காலமை இடம் இருக்கோ? இவர் கொழும்பு ஆசுபத்திரியில. கடுமையாம், உடன வரட்டாம்.”

“ஓம் அக்கா, ஒண்டே ஒண்டு இருக்கு.”

பெயரைச் சொன்னார். “சரி தம்பி, அப்ப நான் வாறன்.”

போனை வைத்துவிட்டார். நான் பென்சிலால் பெயரை எழுதினேன்.

நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லையென்றால் இதைச் சொல்லத்தான் வேண்டும். விடைபெறும்போது நாங்கள் ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது அபசகுனம். எழுந்து போகிறவனும் ‘வாறன்’ என்பான், போனை வைக்கிறவனும் ‘வாறன்’ என்பான், மெய்யாகவே வரப்போகிறவனும் அதையேதான் சொல்வான். அக்கா சொன்னது எந்த ‘வாறன்’ என்று எனக்குத் தெரியாதா? தெரியும்... நன்றாகவே தெரியும்!

இரண்டு வருடம் ஊரையே ஏற்றி அனுப்பினேன். ஒருநாளும் நான் ஏறியதில்லை. ஆள் வராத ஆசனத்தில் ஊழியர் போகலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆனால் எங்கள் சனம் வராமல் விடுகிற சனமா! ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து குந்தியிருக்கும்.

மறுநாள் காலை பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். வங்காலை பஸ் பாலத்து ஆமிச் சோதனையில் சுணங்கி நிற்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சொல்லி வைத்தவருக்காகப் பத்து நிமிடம் பார்ப்பதும் எங்கள் வழக்கம்.

“ஒராள் குறையுதே. வருவாவோ?” என்று விமானி கேட்டார்.

“வரமாட்டா சேர். நான் ஏறட்டோ?”

பெயரை றப்பரால் அழித்தேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். எவ்வளவு சின்ன வேலை!

விமானம் ஓடுபாதையில் திரும்பும்போது யன்னலால் பார்த்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தார். நான் வாய் திறந்திருந்தால் விமானி நிறுத்தியிருப்பார். திறக்கவில்லை... மேலே போனதும் கடலைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா பஸ் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரப் பொழுதுபட்டுவிட்டது. கணவர் மத்தியானமே கண்ணை மூடிவிட்டார். கடைசிவரை வாசலைப் பார்த்தபடி கிடந்தாராம்.

செத்தவீடு முடிந்து ஒருநாள் கந்தோருக்கு வந்தார்.

“நான் வாறன் எண்டுதானே சொன்னனான் தம்பி?”

“போனை வைக்கிறதுக்குச் சொன்ன வாறன் எண்டு நினைச்சிட்டன் அக்கா.”

என்னை ஏசியிருக்கலாம். கன்னத்தில் அறைந்திருக்கலாம்! அவர் மெல்லத் தலையாட்டினார். “என்ர பிழைதான் தம்பி. வடிவாச் சொல்லியிருக்கோணும்.”

அன்றிலிருந்து அவர் ஒருவரிடமும் ‘வாறன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை. கல்யாண வீட்டிலும் ‘போறன்’, கோயில் வாசலிலும் ‘போறன்’. இதென்ன கதை என்று சனம் ஏசும். காரணம் தெரிந்தவன் நான், அங்கேயே வாய் மூடி நிற்பேன்.

தவக்காலம்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பங்குச் சுவாமியிடம் கோபத்தைச் சொல்வேன், பூசை தவறியதைச் சொல்வேன். இதை மட்டும் சொன்னதேயில்லை. என் வீட்டில் ‘வாறன்’ என்று சொல்லிவிட்டுப் புறப்பட எனக்கும் ஒருவரும் இல்லை. பூட்டைப் பூட்டிவிட்டுப் பேசாமல் போவேன். இது தண்டனையா? இல்லை... இது வெறும் தனிமை. தண்டனை என்றால் எப்போதாவது முடிந்துவிடுமே!

போன கிழமை, மலருக்கென்று அந்தக் கடைசி வரியை எழுதிய தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வங்காலைக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். மழையைப் பற்றிப் பேசினேன். மீன் விலையைப் பற்றிப் பேசினேன். தேத்தண்ணி முடிந்துவிட்டது. எழுந்தேன்.

“அப்ப நான் வாறன் அக்கா.”

படலைவரை வந்தவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“எந்த வாறன், தம்பி?”

பகிடியா... தெரிந்துதான் கேட்டாரா? படலையைச் சாத்திவிட்டு நடந்தேன். அவர் அங்கேயே நின்றார். தாள் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அந்த வரியை நான் வெட்டவில்லை.