ஏழு சர்வர் இரண்டானபோது

பொறாமை வந்தால் எனக்கு மறைக்கத் தெரியாது. வந்தது, நன்றாகவே வந்தது.

மதுரையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பில் போட ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று ஏழு சர்வர்கள் இருந்தன. பில் சர்வர் படுத்தால் கடையே நிற்கும். முதலாளி எனக்குக் கார் அனுப்புவார். அவரும் நானும் சௌராஷ்டிரக்காரர்கள், சர்வர் பேச்செல்லாம் எங்கள் வீட்டு மொழியில்தான் நடக்கும். சுற்றி நிற்பவர்கள் புரியாமல் முழிப்பதில் எனக்கு ஒரு தனி சுகம்.

போன வருஷம் எழுமலைக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். வந்த மாதமே முதலாளியிடம் சொன்னார்:

"இம்புட்டுப் பெட்டி எதுக்கு சார்? ரெண்டு போதும். ஒரு வளவுக்குள்ள பல குடித்தனம் இருக்கிற மாதிரி, ஒரே பெட்டிக்குள்ள பல சர்வரை ஓட்டலாம். ஒரு பெட்டி படுத்தா எல்லாம் அடுத்ததுக்கு மாறிக்கிரும்."

முதலாளி என் பக்கம் திரும்பி, "சரியாப்பா இது?" என்று தமிழில் கேட்டார். அந்த ஆளுக்கும் புரிய வேண்டுமாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சரிதான் என்றேன், வேறென்ன சொல்வது?

மாற்றியதும் கரண்ட் பில் குறைந்தது. ஏசி ஒன்று மிச்சமானது. புது பில்லிங் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்கத் தனிப் பெட்டி வாங்காமல், இருப்பதிலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார் மனுஷன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி இதையே பீற்றிக்கொண்டார். எங்காவது புட்டுக்கொள்ளாதா என்று நான் சாமி கும்பிடாத குறைதான்.

தீபாவளிச் சரக்கு போய்க்கொண்டிருந்த ஒரு நாள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினேன். எழுமலைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க கிளம்புனதும் ஒரு பெட்டி புகைஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் தயங்குச்சு, அப்புறம் எல்லாம் அடுத்ததுல ஓடுது. பில் போடுற பிள்ளைக நெட்டுதான் மெதுவா இருக்குன்னு நெனச்சுக்கிட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல உங்களை எதுக்குக் கூப்பிடன்னு விட்டுட்டேன்."

நான் ஆசைப்பட்டது நடந்தேவிட்டது, கடைதான் நிற்கவில்லை. அவர் சொல்வதற்கு முன்னால் நாமாவது சொல்லிவிடுவோம் என்று முதலாளி அறைக்கு ஓடினேன். எங்கள் மொழியில், மூச்சு வாங்க, எல்லாவற்றையும் விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எங்கள் மொழியிலேயே, கனிவாகத்தான் சொன்னார்: "அடடா, நீ இன்னைக்கு லீவுன்னுல்ல நெனச்சேன்."