மஞ்சள் தெளித்த கலாநிதி

கண்டி மஹய்யாவப் பக்கத்துப் பாப்பம்மா பத்தொன்பது வருடமாகப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டுக் கழுவுகிறாள். இன்னும் தற்காலிக ஊழியர்தான். இந்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதற்குக் குறுக்கே வந்து நின்றார் அந்த ஆய்வுகூடத்துக் கலாநிதி சண்முகநாதன்.

மனிதர் ஆராய்வது மண்ணில் வாழும் கைட்ரிட் என்ற பங்கசை, அதாவது ஒருவகைப் பூஞ்சையை. ஹந்தானை மலை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மேலே பைன் மகரந்தம் தூவினால், கண்ணுக்குத் தெரியாத வித்திகள் வாலாட்டி நீந்திவந்து அதில் ஒட்டித் தின்னும். உதிர்ந்த மகரந்தம், செத்த இலை, பூச்சி ஓடு எதையும் இதுகள் விடுவதில்லை. காடு குப்பைமேடாகாமல் இருப்பதில் இதுகளுக்கும் பங்குண்டு. கரைப்பதும் தூவுவதும் பாப்பம்மா. கலாநிதிக்கு எட்டிப் பார்க்கும் வேலை.

இந்த முறை நாற்பது தட்டிலும் ஒன்றுகூட வரவில்லை.

"நீர் சோப்பை வடிவாக் கழுவேல்லை. அதுதான் எல்லாம் செத்துப்போச்சு," என்றார். அதோடு விட்டாரா? கவனயீனமான ஊழியர் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் அடித்துக் கையெழுத்தும் போட்டு மேசையில் வைத்துவிட்டார்.

பாப்பம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த மூளை இவ்வளவுதானா? போன வாரம் சரஸ்வதி பூசைக்கு இந்த ஆள்தானே செம்பு நிறைய மஞ்சள் கரைத்து, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் நுணுக்குக்காட்டிக்கும் திறந்து கிடந்த தட்டுகளுக்கும் சேர்த்து மாவிலையால் தெளித்தார்! புண்ணுக்கு மஞ்சள் ஏன் பூசுகிறோம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகரந்தமும் மஞ்சள் நிறம், தெளித்ததும் மஞ்சள் நிறம். கண்ணாடி போட்ட இந்தப் பெரிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

"இங்க பாருங்க சேர்," என்று ஒரு தட்டில் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டாள். தண்ணீர் குங்குமமாய்ச் சிவந்தது.

"மகரந்தம் செவக்காது. மஞ்சள்தான் சோப்புப் பட்டா செவக்கும். நான் சோப்ப விட்டிருந்தா பூசையன்னைக்கே செவந்திருக்குமே?"

மஞ்சள் பட்ட சேலையைத் துவைத்த எவளுக்கும் தெரிந்த சங்கதி. கலாநிதி குரலைத் தாழ்த்தினார்.

"துறைப் பேராசிரியரிட்டச் சொல்லாதையும்."

"கடுதாசியக் கிழிங்க."

கிழித்தார். துண்டுகளைக் கூடையில் போடப் போனவரிடமிருந்து பாப்பம்மா வாங்கிக்கொண்டாள். அன்று காலை அவள் புதிதாக மண் கரைத்து வைத்த தட்டில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள்.

"காகிதமும் இதுகளுக்குச் சாப்பாடுதான் சேர். நீங்க மட்டும் கிட்ட வராம இருங்க, மிச்சத்த இதுக பாத்துக்கும்."