நூல் விட்ட நாட்டோ

எங்கள் ஆம்பூர்க்காரர்களுக்கு நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. தோல் பதனிடும் ஷாப்புக் காற்றிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சோறோ குழம்போ ஊசிப்போய் நூல் விட்டுவிட்டால் போச்சு, அம்மா அதை நாய்க்குக்கூட வைக்கமாட்டாள்.

அப்பா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். சரக்கைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஓர் அம்மா வந்து ஒரு மாதமாக லாட்ஜில் தங்கியிருந்தார். அவர் தலையாட்டினால்தான் பெட்டி கப்பலேறும். ஒரு சனிக்கிழமை அவர் அப்பாவிடம் சின்ன வெள்ளை டப்பா ஒன்றை இரண்டு கையாலும் கொடுத்து, வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள் என்றாராம். மனம் குளிர்ந்துபோன அப்பா பதிலுக்கு மறுநாள் பிரியாணிக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார். டப்பாவில் இருப்பதற்கு நாட்டோ என்று பெயர், ஏதோ பயறு, என்பது மட்டும்தான் அப்பாவுக்கு நினைவிருந்தது.

அம்மா டப்பாவைத் திறந்து ஒரு பயறை எடுத்தாள். கூடவே இழை இழையாக வந்துகொண்டே இருந்தது.

"இன்னாங்க இது, நூல் வுட்டுடுச்சே!"

"ஐயோ, கொட்டிடாதே! எப்படி இருந்துச்சின்னு நாளைக்கு கேட்டா நான் இன்னா சொல்வேன்? கோவிச்சிக்கினாங்கன்னா ஆர்டரே போய்டும்."

அம்மா வெந்நீரில் போட்டு அலசினாள். நூல் போகிறவரை விடாமல் அலசினாள். பிறகு கடுகு தாளித்து, தேங்காய் துருவிப்போட்டு, ஜம்மென்று சுண்டலாக்கிப் பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

விருந்துக்கு வந்த ஜப்பான் அம்மா ஒரு பயறை விரலால் எடுத்து உற்றுப் பார்த்தார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிமிஷம் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் ஒன்று விடாமல் சாப்பிட்டார்.

"பாவங்க, கெட்டுப்போனத குடுத்துட்டோமேன்னு கூச்சப்படறாங்க" என்று அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தாள். அவர் கிளம்பும்போது நல்ல மொச்சையாகப் பார்த்து ஒரு பையில் கட்டியும் கொடுத்தாள்.

பெட்டி நல்லபடியாகக் கப்பலேறியது. அவர் ஊருக்குப் போன பிறகு கம்பெனி மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் சொன்னார், நாட்டோ என்றாலே நூல் விட்டுத்தான் இருக்குமாம், அவர் கொண்டுவந்ததிலேயே அதுதான் கடைசி டப்பாவாம். அன்று அப்பா பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டார். எனக்கோ, அப்பாடா, இனிமேல் அது நம் வீட்டுக்கு வராது என்று ஒரே சந்தோஷம்.

இப்போது வேலைக்காகக் கடல்தாண்டி வந்து ஒரு குளிர் ஊரில் இருக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று அறைத்தோழி ருசி பார்க்கக் கேட்டாள். தீர்ந்துபோச்சு என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த ஜப்பான் அம்மாவுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!