மழுமழுவென்று ஒரு முன்னேற்பாடு

அந்த சலூனில் ஆறு நாற்காலிகள். தெருவைப் பார்த்த ஜன்னலோர நாற்காலிதான் கௌரவமான இடம். இருபது வருடமாகக் கத்தரி பிடிக்கும் மூத்தவருக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. காரணம், அவருடைய முன்தலை வழுக்கை.

"வழுக்கையை ஜன்னல்ல வச்சா எவன்யா உள்ள வருவான்?" என்று முதலாளி அவரைக் கழிவறைக் கதவோரம் தள்ளிவிட்டார். சொத்தைப் பல் இருக்கிற பல் டாக்டரை யாரும் இப்படித் தள்ளுவதில்லை.

மூத்தவர் ரோஷத்தோடு முடிநடவு மருத்துவரிடம் போனார்.

"புதுசா எதையும் உண்டாக்கறதில்லண்ணே," என்றார் மருத்துவர். "பின்தலை முடி லேசுல கொட்டாது. அதை வேரோட எடுத்து முன்னாடி நடுவோம். நட்டது சில வாரத்துல உதிரும், பயப்படாதீங்க. வேர் உள்ளயே இருக்கும், மூணு நாலு மாசத்துல முளைக்கும். ஆபரேஷன் அன்னிக்குப் பின்தலையை மெஷின்ல குட்டையா வெட்டிட்டு ஆரம்பிப்போம்."

தன் தலையில் இன்னொருவன் மெஷின் ஓட்டுவதா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து, சவரக்கத்தியால் தலை முழுவதையும் தானே வழித்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எடுத்து நடப்போற முடியையே வழிச்சிட்டீங்க?"

"டாக்டருக்கு வேலை மிச்சம்டி!"

மறுநாள் மருத்துவர் அந்தத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு முகக்கவசம் நழுவச் சிரித்தார். "அண்ணே, ஒரு மில்லிமீட்டராவது வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாத்தானே பிடிச்சு எடுக்க முடியும்? அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

மொட்டையோடு வேலைக்குத் திரும்பினார். பக்கவாட்டு முடியை இழுத்து வழுக்கையை மூடியிருந்த ஒரு வங்கி ஊழியர் வாயைப் பிளந்தார்.

"ஒரு கீறல் இல்லையே! யாருண்ணே வழிச்சது?"

"நான்தான்."

"பின்னாடியுமா? எனக்கும் பண்ணுங்க!"

அவர் போய் அலுவலகத்தில் சொல்ல, மூன்றாம் நாள் கழிவறைக் கதவோரம் வழுக்கைகளின் வரிசை. அவசரத்துக்குக்கூட யாரும் உள்ளே போக முடியவில்லை. முதலாளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜன்னலுக்கு வந்துடுங்கண்ணே! ஆனா ஆபரேஷன் கீபரேஷன்னு போகக்கூடாது. இதே பளபளப்பு இருக்கணும்!"

"முடி இல்லன்னு மூலைக்குத் தள்ளினீங்க. இப்போ முடி கூடாதுன்னு ஜன்னலுக்குக் கூப்பிடறீங்க. வெட்டறது கையா, தலையா?"

முதலாளிக்கு நிற்க நேரமில்லை, வரிசையை விலக்கிக்கொண்டு கழிவறைக்குள் ஓடினார்.

மூத்தவர் கத்தரியையும் சவரக்கத்தியையும் ஜன்னலோரத்துக்கு எடுத்துப் போனார். கதவுக்குப் பின்னால் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. நாற்காலி இன்னிக்கே. ம்... அடுத்து யாரு?"