பிரெஞ்சு மிஷினில் ஒரு டைப்பிங் டெஸ்ட்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பழைய வியாபாரக் கம்பெனியில் இங்கிலீஷ் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. ஒரே ஒரு இடம்தான். ரெட்டியார்பாளையத்திலிருந்து அப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். அவர் வேலை பார்த்த மில் பூட்டிக் கிடந்த சமயம் அது. வீட்டில் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. என்னை இறக்கிவிட்டு, எதிர்ச் சுவரோரம் நிழலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதுதான் இன்டர்வியூவை விட எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

நான் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. எங்கள் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர், யாராவது குனிந்து கீயைப் பார்த்தால் ஸ்கேலால் விரல் மேலேயே போடுவார். கண் பார்த்து அடிக்கிற காப்பித் தாளில் இருக்க வேண்டும், விரல் தானாகப் போக வேண்டும். அப்படியே பழகியதில், கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

உள்ளே பெஞ்சில் எனக்கு முன்னால் ஒரு பெண் காத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளைக் கூப்பிட்டார்கள். கதவு வழியாக மிஷின் சத்தம் கேட்டது. அடேயப்பா, என்ன வேகம்! இவளே வேலையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். சத்தம் நின்றது. வெளியே வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் தாண்டி வாசல் வரை போய்விட்டு, என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

“உள்ள இருக்கிறது பிரெஞ்சு மிஷினுங்க. எழுத்தெல்லாம் இடம் மாறியிருக்கு. கீயப் பாத்து அடிங்க.”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். எனக்கு நன்றி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. தன் வேலை போச்சு, என் ஸ்பீடையும் கெடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாளா? கீயைப் பார்க்காதே என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்?

மேனேஜர் வயதானவர், வெள்ளைக் கோட்டு. அங்கே எல்லோரும் அவரை, சார் என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘முசியே’ என்றுதான் கூப்பிட்டார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்து, ஒரு கடிதத்தைக் கொடுத்து, ஆரம்பிக்கச் சொன்னார். நான் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தேன். முதல் வரி முடிந்து, அடுத்த வரிக்கு மிஷினின் கேரியேஜைத் தள்ளும்போது பார்வை தற்செயலாகப் பேப்பரில் விழுந்தது. ஏ வர வேண்டிய இடத்திலெல்லாம் க்யூ. டபிள்யூவுக்குப் பதில் இசட். எம் அடித்த இடத்தில் கமா. அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

பேப்பரை உருவிவிட்டு வேறு பேப்பர் கேட்டேன். கொடுத்தார், ஆனால் நேரத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். கொஞ்சம் அசந்தால் இடது சுண்டுவிரல் பழைய இடத்துக்கே ஓடியது. அதை இழுத்துப் பிடிப்பதே பெரிய பாடாக இருந்தது. நேரம் முடிந்தபோது பாதிக் கடிதம்தான் ஆகியிருந்தது. ஆனால் தப்பு இல்லை.

முசியே அதை மெதுவாகப் படித்துப் பார்த்தார். ஸ்பீடு இல்லாவிட்டாலும் சுத்தமாக இருக்கிறது என்றார். அப்புறம் இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார்.

“இதப் பாரும்மா. முன்னாடி வந்த பொண்ணு அடிச்சது. ஹையர் பாஸாம். ஒரு வார்த்தகூட உருப்படியா இல்ல.”

பார்த்தேன். கடிதம் முழுசாக முடிந்திருந்தது. இடம் மாறின எழுத்துகளை மனசுக்குள் சரி செய்து படித்தால் ஒரு பிழை கிடையாது. என்னை விட நன்றாகவே அடிக்கிறவள். முசியே தன் வாழ்நாளில் அந்த ஒரு வகை மிஷினைத்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. எழுத்துகள் வேறு இடத்தில் இருக்கிற மிஷினும் உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வேலை என்னுடையது. ஜன்னல் வழியாக அப்பா தெரிந்தார். நிழல் நகர்ந்துவிட்டது, அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் வாசல் வரை போனவள் திரும்பி வந்தாளே, அதுதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

“சார், அவங்க சரியாத்தான் அடிச்சிருக்காங்க. நாங்க படிச்ச மிஷின்ல எழுத்து வேற இடத்துல இருக்கும். அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீயையே பார்த்தார். பிறகு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

“இன்னா பாப்பா, எப்பிடிப் பண்ண?” என்றார் அப்பா. கேரியரில் உட்கார்ந்தபடி ஒன்று விடாமல் சொன்னேன். கொஞ்ச தூரம் அவர் மிதிக்கவே இல்லை, சைக்கிள் தானாக உருண்டது. அப்புறம் “சரி” என்றார். முதுகுதான் தெரிந்தது, முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பிறகொரு நாள் பெரிய மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். மறுபடி கூப்பிட்டு அதே மிஷினில் டெஸ்ட் வைத்தார்களாம், வேலை கிடைத்துவிட்டதாம். ஏன் திரும்பக் கூப்பிட்டார்கள் என்றே புரியவில்லை என்றாள். நானும் சொல்லவில்லை. சந்தோஷம் என்று சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். அவள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

அடுத்த வருஷம் லாஸ்பேட்டையில் ஒரு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே டெஸ்டுக்கு உட்காரும் முன்பு, கீயை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இப்போது என் பெண் இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போதெல்லாம், நீ எப்படிம்மா சமாளித்தாய் என்று கேட்கிறாள். வேலை கிடைத்த இன்டர்வியூ எதுவும் எனக்குச் சட்டென்று ஞாபகம் வருவதில்லை. நான் நன்றாகச் செய்தது என்று எனக்குத் தோன்றுவது, வேலை கிடைக்காமல் போன அந்த ஒன்றுதான்.