ஒறேஞ்ச்வில் சேற்றில் கடைசிச் சுற்று

கடந்த நவம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, யூனியன்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒறேஞ்ச்வில்லுக்கு அப்பால் உள்ள ஒரு பண்ணைக்குப் போய் வந்தேன். பிறம்ரன் வழியாகப் போனால் ஒரு வழிக்கு 104 கிலோமீற்றர். போனது சைக்கிளோகுறொஸ் போட்டிக்கு. பருவத்தின் எட்டாவதும் கடைசியுமான போட்டி அது. எனக்கு வயது அறுபத்தாறு. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. பெப்ரவரியில் வலது முழங்காலை மாற்றப் போகிறார்கள். அதன் பிறகு தெருவில் சைக்கிள் ஓடலாம், குதித்து இறங்கி ஓடுகிற வேலை மட்டும் கூடாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார். குதித்து இறங்கி ஓடாமல் இந்தப் போட்டி இல்லை. ஆகவே எனக்கு அது ஆயுளின் கடைசிப் போட்டி.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கு: இலையுதிர் காலத்தில், புல்வெளியிலும் சேற்றிலும், இரண்டரைக் கிலோமீற்றர் வரும் ஒரு பாதையை இரண்டு பக்கமும் நாடா கட்டி அடைத்திருப்பார்கள். சைக்கிளில் அதைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகைகள் நிற்கும். அங்கே இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டி, மறுபடி ஏற வேண்டும். என் வயதுக்காரருக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம். மழை வந்தாலும் நிறுத்த மாட்டார்கள். உண்மையில் மழை வந்தால்தான் அவர்களுக்குச் சந்தோஷம்.

எனக்கு வேண்டியிருந்தது வெற்றி இல்லை. அதை விளங்கப்படுத்த ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளி மைதானத்தை ஆறு தரம் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஆறாவது சுற்றை முடிக்க வருகிற நேரம், மெதுவான பிள்ளை ஐந்தாவதை முடிக்க வருகிறான். மெதுவானவன் ஒரு செக்கன் முந்திக் கோட்டைக் கடந்தால், ஆறாவது சுற்றை ஓட அவனுக்கு உரிமை உண்டு. எல்லோரும் அவனுக்காக நிற்க வேண்டும். ஒரு செக்கன் பிந்தினால், முதல்வன் முடித்ததோடு அவனுக்கும் முடிந்துவிடும். ஐந்து சுற்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே நேரம் இருக்காது. மறை ஒன்று (-1) என்று இருக்கும், அதாவது ஒரு சுற்றுக் குறைவு.

செப்ரெம்பரில் முதல் போட்டியில் எனக்கு மறை மூன்று. பிறகு இரண்டு போட்டிகளில் மறை இரண்டு. கடைசியாக ஓடிய மூன்றிலும் மறை ஒன்று. நடுவில் ஒன்றில் சங்கிலி அறுந்து பாதியில் நடந்து வந்தேன். ஒவ்வொரு முறையும் நாடாவுக்கு வெளியே நிற்பவர்கள் எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கைதட்டுவார்கள். உங்களைப் பார்க்க எங்களுக்கு ஊக்கமாக இருக்கிறது என்பார்கள். விளையாட்டுப் போட்டியில் கடைசியாக வருகிற பிள்ளைக்குத் தட்டுகிற கை எது என்று ஒரு ஆசிரியருக்குத் தெரியாதா? நானே எத்தனை தரம் அப்படித் தட்டியிருப்பேன். தட்டிவிட்டுத் திரும்பி மற்ற ஆசிரியரோடு கதைத்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு மறை இல்லாத ஒரு முடிவு வேண்டும். அவ்வளவுதான். ஒக்ரோபரிலிருந்து கிழமைக்கு நான்கு நாள், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஏறி இறங்கிப் பழகினேன். கணக்கும் போட்டு வைத்திருந்தேன். எங்கள் பிரிவில் முதலாவதாக வருபவர் டேவ். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், உயரமான மனிதர். அவர் ஒரு சுற்றுக்கு ஆறரை நிமிடம் எடுப்பார். ஆறு சுற்றுக்கு முப்பத்தொன்பது நிமிடம். அதற்குள் நான் ஐந்து சுற்று முடிக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம் நாற்பத்தெட்டு செக்கன்.

காலை 6.40க்குப் புறப்பட்டேன். சனி மாலைப் பூசைக்குப் போய்விட்டபடியால் ஞாயிறு மனதை உறுத்தவில்லை. 407 நெடுஞ்சாலையில் போனேன். பிறம்ரன் வரைக்கும் கட்டணம் 18 டொலர் வந்தது. அவசரம் இல்லாதவர்கள் கட்டணம் இல்லாத 401ஐ எடுக்கலாம், ஞாயிறு காலையில் நெரிசல் இல்லை. 7.25க்கு என் மனைவியின் தம்பி ரெஜி வீட்டு வாசலில் நின்றேன். ரெஜி பாரவண்டி ஓட்டுகிறவன். பருவம் முழுக்க அவன்தான் எனக்குத் துணை. மனைவி முதல் போட்டிக்கு வந்து, நான் சேற்றில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, இனிச் செத்தவீட்டுக்கு மட்டும் கூப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டாள்.

ரெஜி ஒரு கையில் கோப்பி, மறு கையில் மட்டன் ரோல்ஸ் பெட்டியுடன் ஏறினான்.

“என்ன அத்தான், சோதினைக்குப் போற பெடியன் மாதிரி முகம் கிடக்கு?”

“சோதினைதான்.”

“படிச்சனீங்களோ?”

“ஓம். ஏழு நாற்பத்தெட்டு.”

“உதைத்தான் ரெண்டு மாசமாச் சொல்லுறீங்கள். நித்திரையிலயும் சொல்லுறியளாம் எண்டு அக்கா சொன்னவ.”

பிறம்ரனிலிருந்து வடக்கே ஏறினால் களஞ்சியக் கட்டடங்கள் முடிந்து வயல்கள் தொடங்கும். வெளியே குளிர், இரண்டு பாகை. மழை தூறிக்கொண்டிருந்தது. 8.15க்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாகனம் நிறுத்த ஐந்து டொலர், காசாகவே கேட்பார்கள். பதிவுக் கட்டணம் 60 டொலர். மேசையில் இருந்த பெண் என் இலக்கத் துண்டைத் தந்துவிட்டு, பாதையில் எல்லோருக்கும் மரியாதையாக வழி விடுகிற ஆள் நீங்கள்தானே, எங்கள் நடுவர்கள் உங்களைப் பற்றித்தான் கதைப்பார்கள் என்றாள். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது. உண்மைதான். பின்னால் சில்லுச் சத்தம் கேட்டால் நான் உடனே ஓரத்துக்குப் போய்விடுவேன். இரண்டாவது போட்டிக்குப் பிறகு யாரும் என்னிடம் வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

9.45க்குத் தொடங்கியது. பதினான்கு பேர். நான் கடைசி வரிசை.

முதல் சுற்று 7.40. பலகைகளுக்குப் பக்கத்தில் நின்ற ரெஜி கத்தினான்: “எட்டுச் செக்கன் மிச்சம், அத்தான். மூச்சு விடுங்கோ.” இரண்டாவது 7.45. மூன்றாவது 7.50. பண்ணைக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. எருமை புரண்ட குட்டை மாதிரிச் சேறு. மற்றவர்கள் அதில் ஓட்டியே ஏறினார்கள். நான் இறங்கி ஓடினேன். முழங்காலுக்குள் யாரோ சில்லறை போட்டுக் குலுக்குவது போல இருந்தது. நான்காவது சுற்று 7.49. நான்கு சுற்றுக்கும் சேர்த்து 31 நிமிடம் 4 செக்கன். டேவ் முடிக்கிறதற்கு இன்னும் 7 நிமிடம் 56 செக்கன் இருக்கிறது. என்னிடம் கையிருப்பு எட்டுச் செக்கன். இதையெல்லாம் நான் ஓடிக்கொண்டே மனக்கணக்காகப் போட்டேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்தது இதற்காவது உதவட்டும்.

ஐந்தாவது சுற்றில் இரண்டாவது பலகையில் கால் தட்டியது. விழவில்லை, ஆனால் சைக்கிள் தோளிலிருந்து நழுவியது. நான்கைந்து செக்கன் போயிருக்கும். ரெஜி இப்போது கத்தவில்லை. “போங்கோ, போங்கோ” என்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

கடைசித் திருப்பம் கழிந்தால் கோட்டுக்கு எண்பது மீற்றர். அந்த இடத்தில் பாதை குறுகல், இரண்டு நாடாவுக்கும் இடையில் ஒரு வண்டியும் பாதியும் போகலாம். திருப்பத்தில் ஏறும்போது பின்னால் டேவ் வருகிறார் என்று விளங்கியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. மிதிக்காமல் உருள்கிற சைக்கிளின் பின்சில்லு எழுப்பும் கிடுகிடு சத்தம். என் முதுகோடு அது ஒட்டி வந்தது. முந்தவில்லை. கூப்பிடவில்லை.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்த மனிதர் வெல்லப் போகிறார், நான் அவருக்கு முன்னால் மாடு மாதிரி நிற்கிறேன். அவர் மரியாதைக்காக வாய் திறக்காமல் வருகிறார். நான் ஒரு காலை ஊன்றி, சைக்கிளை நாடாவோடு அணைத்துப் பிடித்து, கையைக் காட்டினேன். போங்கோ.

டேவ் பிறேக் பிடித்தார். கிட்டத்தட்ட நின்றேவிட்டார். என்னைப் பார்த்தார். திருப்பத்தில் இரண்டாவது ஆளின் சிவப்புச் சட்டை தெரிந்தது. அவர் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். கோட்டைக் கடக்கும்போது கையை உயர்த்தவில்லை. நான் ஏறி மிதித்துக் கோட்டுக்குப் போக, நடுவர் கொடியை ஆட்டி என்னை இடது பக்கம் திருப்பிவிட்டார். கோட்டுக்கு அப்பால் பாதை திறந்துதான் கிடந்தது. ஆனால் எனக்கு அது இல்லை.

ரெஜி எங்கள் வாகனத்துக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது டேவ் வந்தார். முகத்தில் சேறு காய்ந்திருந்தது. கோபம் இல்லை, குழப்பம். நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று கேட்டார். நான் உங்களுக்காகத்தான் மிதிப்பதை நிறுத்தினேன் என்றார். கோட்டடியில் சுற்றுப் பிந்திய ஒரு ஆளைப் பிடித்துவிட்டால், வெல்லுகிறவன் கொஞ்சம் பொறுத்து, அந்த ஆளை முதலில் கடக்க விடுவான். அவர் தன் கடைசிச் சுற்றை ஓடட்டும் என்று. எனக்குப் பின்னால் இருந்தவன் தூரத்தில் இருந்தான், எனக்கு நேரம் இருந்தது. இங்கே எல்லோரும் செய்வதுதான், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

தெரியாது. பருவம் முழுக்க நான் கோட்டுக்கு வெகு முன்னமே ஒதுங்கிவிடுவேன். எனக்கு அப்படிச் செய்ய யாருக்கும் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு, நீங்கள் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜி தண்ணீரை நிறுத்தினான்.

“அத்தான், அந்தாள் உங்களுக்கு வழி விட்டது. நீங்கள் அந்தாளுக்கு வழி விட்டனீங்கள். ரெண்டு பேரும் நல்ல மனிசர். ஒண்டு கெட்டவனா இருந்திருந்தாலும் அலுவல் முடிஞ்சிருக்கும்.”

“வாயை மூடு, ரெஜி.”

“மூடுறன். போய்க் கேக்கட்டோ? ஒரு சுற்றுத்தானே. சும்மா ஓடிட்டு வாங்கோ.”

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவன் போய் நடுவரைக் கேட்டான். திரும்பி வந்து, அடுத்த பிரிவு பாதைக்குள் இறங்கிவிட்டதாம் என்றான். அவன் கேட்டதே எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா ஓடுவதற்கு எனக்கு யூனியன்வில்லில் பூங்கா இருக்கிறது.

திரும்பும்போது அவன் ரோல்ஸ் பெட்டியை நீட்டினான். வாங்கவில்லை. பிறம்ரனில் இறங்கும்போது அவன், “பெப்ரவரியில ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவன், அக்காவுக்குச் சொல்லுங்கோ” என்றான். அதற்காவது நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் மனைவி எப்படிப் போனது என்று கேட்டபோது, முடிந்தது என்றேன்.

இதற்கு ஆழமான காரணங்கள் சொல்லலாம். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எங்களில் எத்தனையோ பேர் ஓரமாக நின்று பழகியவர்கள் என்று எழுதலாம், வாசிக்கிறவர்களும் தலையாட்டுவார்கள். நான் எழுதப் போவதில்லை. பின்னால் ஒரு சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, பிழையாக விளங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்திருந்தால் அவர் முகத்தில் தெரிந்திருக்கும். எத்தனை இரவு நினைத்தாலும் விடை அதுதான். மூன்று மாதம், எண்ணூற்றுச் சொச்சம் டொலர், ஒரு முழங்கால். எல்லாம் சேர்ந்து எண்பது மீற்றருக்குள் முடிந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். அறுபது வயதில் தொடங்கலாம், பயப்பட வேண்டாம். புதுச் சைக்கிள் வேண்டாம், பழையது ஒன்றை எண்ணூறு டொலருக்குள் எடுக்கலாம், அகலமான ரயர் போடக்கூடியதாக இருந்தால் போதும். சேறு என்றால் ரயரில் காற்றைக் குறையுங்கள். நான் முதல் மூன்று போட்டியும் கல்லு மாதிரி அடித்துக்கொண்டு போய் வழுக்கி விழுந்தேன். இரண்டு சோடி கையுறையும், பொலித்தீன் பையில் காய்ந்த காலுறையும் எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரம் முந்திப் போனால் பாதையை ஒரு தரம் ஓடிப் பார்க்க விடுவார்கள். அங்கே இருக்கிற பழைய ஆட்களைப் பிடித்து, விதிகளை மட்டுமில்லை, எழுதாத வழக்கங்களையும் கேளுங்கள். நான் விதிப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு மனிதரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்காத மாணவனைப் பற்றி எனக்குத் தெரியாததா?

இன்னொன்று. பின்னால் ஆள் வருகிறான் என்றால் உங்கள் கோட்டில் நேராகப் போய்க்கொண்டிருங்கள். முந்துவது அவனுடைய வேலை, அதை அவன் பார்த்துக்கொள்வான். நிற்காதீர்கள், ஒதுங்காதீர்கள், கையைக் காட்டாதீர்கள். முப்பத்தொரு வருடம் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் யாராவது இதை வாசித்தால், அந்தப் பாடத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.