ஞானவேலின் நாலு வரி மெஷின்

ஞானவேல் இறந்துபோன செய்தி அவர் வீட்டு வாசலில்தான் எங்களுக்குக் கிடைத்தது. கார்பூலுக்கு நேரமாகிறதே என்று நான் இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து, விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது என்றார். அந்த ஹாரன் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

லிவர்மோர் கோவில் பொங்கல் விழாவுக்கு வந்தவர்களுக்கு அவர், பிள்ளைகள் நடிக்க நாடகம் எழுதித் தரும் நாடகக்காரர். எங்கள் மூவருக்கும் அவர் பின் சீட்டுக்காரர். நாலு பேரும் ஒரே காரில் மலை தாண்டி வேலைக்குப் போனோம். கம்ப்யூட்டர் திரையில் படம் இன்னும் வேகமாக வரவேண்டும் என்று பகலெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இன்ஜினியர் அவர். காரில் ஏறியதும் மடியில் வைப்பதோ, பள்ளிப் பிள்ளைகள் டைப் பழகும் ஒரு சின்ன கீபோர்ட். அதிலேயே பதித்த சின்னத் திரையில் நாலே வரிதான் தெரியும். மெயில் கிடையாது, படம் கிடையாது, தமிழ் எழுத்தும் கிடையாது. தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் அடிப்பார். இந்த வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் வாசிக்க வரும்.

“ஏங்க, லேப்டாப் வாங்கினா வீட்டுல கலா திட்டுவாங்களா?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“அதுல எல்லாமே பண்ணலாமுங்க. அதனாலயே ஒண்ணும் பண்ண மாட்டேன். முன்னால அடிச்சது கண்ணுல பட்டா அதையே நோண்டிட்டு இருப்பேன். இதுல மேற்கொண்டு அடிச்சுட்டுப் போறதைத் தவிர வழியில்லீங்க” என்றார்.

எனக்குப் புரியவில்லை. நோண்டுவதற்குத்தானே நமக்குச் சம்பளம்?

காரியம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி கலா அந்த மெஷினை என்னிடம் கொடுத்து, அதில் பாதியில் நிற்கும் பொங்கல் நாடகத்தை முடித்துத் தரச் சொன்னார். ராஜா காட்டில் வழி தவறிய இடத்தில் நாடகம் நின்றிருந்தது. பொங்கலுக்கு மூன்று வாரம். ஒத்திகையில் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “அங்கிள், வாட் ஹாப்பன்ஸ் டு த கிங்?” எனக்கு என்ன தெரியும்?

வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மெயில் பார்த்தேன். மழை வருமா என்று பார்த்தேன். தமிழ் ஃபான்ட் இரண்டை இறக்கினேன். ஒன்றில் அடித்தது மற்றதில் கோழிக் கிறுக்கலாகத் தெரிந்தது. ராஜா காட்டை விட்டு நகரவே இல்லை.

கடைசியில் ஸ்டியரிங்கை நண்பரிடம் விட்டுவிட்டு, பின் சீட்டில் ஞானவேலின் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கீபோர்டை மடியில் வைத்தேன். வசனம் வந்துவிட்டது. மெஷின் எழுத வைத்ததா, அந்த சீட்டா, அல்லது அழ முடியாமல் உட்கார்ந்திருந்த துக்கமா? இன்றைக்கும் குழப்பம்தான்.

அச்செடுத்ததும் ஞானவேலின் மகள் மதுதான் முதலில் படித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

“அப்பா செட் த கிங் ஸ்டேஸ் இன் த ஃபாரஸ்ட்,” என்றாள். ராஜாவைக் காட்டிலேயே விடத்தான் ஞானவேல் நினைத்திருக்கிறார். “பட் யுவர் கிங் கம்ஸ் ஹோம். கேன் வீ கீப் இட், அங்கிள்?”

“ராஜா வீட்டுக்கு வர்றதையே வெச்சுக்கலாம்மா” என்றேன்.

மெஷினை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஞானவேலிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் எழுதாத அந்த முடிவுதான்.